மூன்றாவது துளை

அந்தப் படகை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தாம்பாளம் மாதிரித் தட்டையாக இருந்தது. பக்கச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. சிவப்புச் சாயத்தில் ஜிகினாத் தூளைக் கலந்து அடித்திருந்தார்கள். தகரக் கொட்டகையின் ஓட்டை வழியே வெயில் விழுந்த இடமெல்லாம் மின்னியது. முன்பக்க மேடையில், ஒரு கம்பத்தின் மேல், சலூன் நாற்காலிபோல ஒரு சுழல் நாற்காலி.

"இதுல மீன் பிடிக்கிறதா, முடி வெட்டுறதா?" என்று கேட்டேன்.

கூட வந்த நண்பர் சிரிக்கவில்லை. படகைச் சுற்றி வந்து, பின்பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

பினாங்குப் பாலம் திறந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் நிலப்படம் வரையும் வேலையில் இருந்தேன். டத்தோ கிராமாட்டில் வாடகை வீடு. மனைவியும் நானும் மட்டும். நண்பர் தமிழ் முஸ்லிம், சூலியா தெருப் பக்கம் நாசி கண்டார் என்கிற சோறும் கறியும் விற்கும் கடை வைத்திருந்தார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். அவருக்கு நான் அண்ணன், எனக்கு அவர் தம்பி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ப் போய் ஏற்பட்ட பழக்கம், இருவருக்கும் தூண்டில் பைத்தியம் உண்டு என்று தெரிந்ததும் இறுகிவிட்டது. கடைக்கு விடுமுறை கிடைக்கும் காலைகளில் சம்பான் என்கிற சிறு மரப்படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஜெரஜாக் தீவுப் பக்கம் சியாக்காப் பிடிக்கப் போவோம். கொடுவா என்று புத்தகங்களில் எழுதுவார்களே, அந்த மீன்தான் எங்களுக்குச் சியாக்காப். சொந்தப் படகு வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசை என்னையும் தொற்றிக்கொண்டிருந்தது.

இந்தச் சிவப்புப் படகு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் தன் நாட்டிலிருந்து கப்பலில் தருவித்தது. அங்கே ஏரிகளில் பாஸ் என்கிற மீனைத் துரத்திப் பிடிக்க இப்படிப்பட்ட படகு வைத்திருப்பார்களாம். அவர் திடீரென்று ஊருக்குப் போய்விட்டார், படகு இங்கேயே தங்கிவிட்டது, யாராவது எடுத்துக்கொண்டால் இடம் காலியாகும் என்று அந்தக் கொட்டகையை வைத்திருந்த படகுப் பட்டறைக்காரர் சொன்னார். ஏன் திடீரென்று போனார் என்று நாங்கள் கேட்கவில்லை. வெள்ளைக்காரர்கள் வருவார்கள், போவார்கள்.

கொட்டகையில் வைத்தே நண்பர் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். படகின் பின்பக்கத்தில் இன்ஜினைத் தாங்கும் தடித்த பலகைக்குப் பின்பலகை என்று பெயர். இன்ஜினின் பிடிமானத்தில் மேலும் கீழுமாக வரிசையாகத் துளைகள் இருக்கும். எந்தத் துளையில் போல்ட்டை முடுக்குகிறோமோ அதற்குத் தகுந்தபடி இன்ஜின் ஏறும், இறங்கும். தண்ணீருக்குள் சுழலும் விசிறியை மலாய்க்காரர்கள் கிப்பாஸ் என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்வோம். கிப்பாஸுக்குச் சற்று மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு உண்டு. அந்தத் தட்டு படகின் அடிமட்டத்தோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். வேகமாகப் போகிற படகென்றால் கொஞ்சம் மேலேயே இருக்கலாம். இந்தப் படகில் அது நாலு விரல் கீழே கிடந்தது. இன்ஜினை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி வைத்திருந்தார்கள்.

முதலிலிருந்தே அப்படி இல்லை. பின்பலகையில், பிடிமானத்துக்கு மேலே, அதே வடிவத்தில் ஒரு பகுதி வெயில் படாமல் புதுச் சிவப்பாக இருந்தது. நெடுநாள் மாட்டியிருந்த படத்தைக் கழற்றினால் சுவரில் தெரியுமே, அப்படி. மூன்று துளை உயரத்தில் இருந்த இன்ஜினை யாரோ பிறகு இறக்கியிருக்கிறார்கள். கிப்பாஸும் அந்தப் படகுக்குப் பொருந்தாத சிறியது. இழுவைப் படகுக்குப் போடுகிற மாதிரி மெதுவானது.

"வேகமா போற போட்ட வேணும்னே கட்டிப் போட்டு வெச்சிருக்கான் லா" என்றார் நண்பர்.

படகை வாங்கிய பிறகு முதல் ஓட்டத்திலேயே அது தெரிந்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, தண்ணீரை உழுதுகொண்டு, நிறைமாத எருமைபோல நகர்ந்தது. பெட்ரோலை மட்டும் நன்றாகக் குடித்தது. ஆனால் ஒரு நல்ல குணம் இருந்தது: ஸ்டியரிங்கை விட்டுவிட்டாலும் நேராகவே போகும். நான் கையை எடுத்துவிட்டு வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரிப்பேன். படகு கோடு போட்டதுபோல் போய்க்கொண்டிருக்கும்.

படகைக் கட்டியிருந்த ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், மரத்தடியில் உட்கார்ந்து வலை முடையும் மலாய் மீனவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாக்சிக்தான், மலாயில் மாமா. எங்கள் படகைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் "பெராஹு கோசோங்" என்று மெதுவாகச் சொன்னார். காலிப் படகு. கூரையில்லை, தடுப்பில்லை, வெறுந்தட்டாக இருக்கிறதே, அதனால் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நண்பர் சிரித்துக்கொண்டே ஏன் அந்தப் பெயர் என்று கேட்டார். பாக்சிக் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், இந்தப் படகு ஒருநாள் ஜெரஜாக்குக்குத் தெற்கே ஆளில்லாமல் கிடைத்தது என்று சொன்னார். வெள்ளைக்காரர் எங்கே என்று கேட்டோம். கடலில் நட்டிருக்கும் மீன்பிடிக் கம்பம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார், உயிரோடுதான், கரைக்குக் கொண்டுவந்தோம் என்றார். அவ்வளவுதான். நாங்கள், ஏரிப் படகைக் கடலுக்குக் கொண்டுவந்தால் அப்படித்தான் ஆகும் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்தோம்.

அடுத்த வாரம் இன்ஜினை ஒரு துளை தூக்கினோம். பட்டறையிலிருந்து சங்கிலிக் கப்பியை வாங்கிவந்து, மரக்கிளையில் மாட்டி, இரண்டு பேரும் வியர்த்து விறுவிறுத்துச் செய்த வேலை. பலன் உடனே தெரிந்தது. மூக்கு இறங்கியது, படகு தண்ணீரின் மேல் ஏறி உட்கார்ந்தது. நண்பருக்கு ஆசை கூடியது. கடைத்தெருவில் தேடி ஒரு பெரிய கிப்பாஸ் வாங்கிவந்தார். மரை ஆணி ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அதுபோலத்தான் கிப்பாஸும். இதழ்களின் சரிவு கூடக் கூட ஒரு சுற்றுக்குப் படகு தள்ளிப்போகும் தூரமும் கூடும். அதை மாட்டி, இன்னொரு துளையும் தூக்கினோம்.

அன்றுதான் படகு வேறொன்றாக மாறியது. முகத்தில் காற்று அறைந்தது. படகின் வயிறு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தது. நண்பர் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். எனக்கும் கத்த வேண்டும்போல இருந்தது. வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரிக்க வழக்கம்போல ஸ்டியரிங்கை விட்டேன். படகு வலது பக்கம் திரும்பியது. அலையில் தள்ளாடித் திரும்புவதுபோல் இல்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தலையைத் திருப்புவோமே, அப்படித் திரும்பியது. சட்டென்று பிடித்து நேராக்கினேன்.

கிப்பாஸ் சுழலும் திசைக்கு இன்ஜின் இழுக்கும், இன்ஜின் உயர உயர அந்த இழுப்பு கூடும் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். எல்லாப் படகிலும் உண்டாம். கையை எடுக்காமல் ஓட்டினால் போதும் என்றார்கள். சரி என்று விட்டுவிட்டோம். ஆனால் எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டேயிருந்தது. ஜெட்டிக்கு அருகில் அந்த இழுப்பு லேசாக இருக்கும். ஜெரஜாக்கின் தென்முனையைத் தாண்டி, மீன்பிடிக் கம்பங்கள் வரிசையாக நட்டிருக்கும் இடத்துக்குப் போகும்போது ஸ்டியரிங் என் கைக்குள்ளேயே கனக்கும். நீரோட்டம் என்று சொல்லிக்கொள்வேன். நண்பர் அந்த இடம் வரும்போது பேச்சை நிறுத்திவிடுவார்.

அந்த வருடம் சுமத்ராவில் காடு எரிந்து பினாங்கு முழுக்கப் புகைமூட்டமாக இருந்தது. நகரத்திலேயே உயரமான கொம்தார் கட்டடத்தின் மேல்பாதியைக் காணோம். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட ஒரு காலையில் கம்பங்களுக்குப் பக்கத்தில் தூண்டில் போட நினைத்து நான் இன்ஜினை அணைத்தேன். சாவி என் கையில் இருந்தது. இன்ஜின் ஓசை நிற்கவில்லை.

எதிரொலி என்று நினைத்தேன். தீவின் மலையில் பட்டுத் திரும்பி வரும் ஓசை. ஆனால் எதிரொலி தேய்ந்துகொண்டே போகும். இது ஒரே சீராக, எங்கள் இன்ஜினின் அதே குரலில், புகைக்குள் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கமாகக் கேட்டது, பிறகு முன்னால் கேட்டது, பிறகு மறுபக்கம். எங்களைச் சுற்றி வருகிறது என்று எனக்குத் தோன்றிய அதே நொடி நண்பர் என் கையைப் பிடித்தார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஓதுகிறார் என்று புரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த ஓசை, யாரோ சாவியைத் திருப்பியதுபோல், பட்டென்று நின்றது. அதன் அலை எங்கள் படகில் வந்து மோதும் என்று காத்திருந்தேன். அலை ஏதும் வரவில்லை.

"வேற போட்டா இருக்கும்ணே" என்றார்.

"ஆமா தம்பி" என்றேன்.

மீன் பிடிக்காமலே திரும்பினோம். அதைப் பற்றி அதன்பிறகு பேசிக்கொள்ளவுமில்லை. இரண்டு வளர்ந்த மனிதர்கள் புகைக்குள் சத்தம் கேட்டது என்று பேசிக்கொண்டிருக்க முடியுமா?

புகை விலகியதும் நண்பர் மூன்றாவது துளைக்கு ஆசைப்பட்டார். முதலில் அந்த வெள்ளைக்காரர் வைத்திருந்த உயரம் அதுதானே, படகைச் செய்தவர்களும் அதற்குத்தானே செய்திருப்பார்கள் என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியாகவே பட்டது. தூக்கி முடுக்கினோம். பிடிமானம் பின்பலகையில் இருந்த அந்தப் புதுச் சிவப்பு அடையாளத்தில் மயிரிழை பிசகாமல் போய் உட்கார்ந்தது.

இந்த உயரத்தில் ஒரு சங்கடம் உண்டு. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரை உறிஞ்சும் துவாரம் கிப்பாஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்ஜின் மிகவும் ஏறிவிட்டால் அது தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். இன்ஜின் சூடேறி நின்றுவிடும். வளைவில் கிப்பாஸும் காற்றைப் பிடித்துக்கொண்டு பிடியில்லாமல் சுழலும். அப்போது ஒரு கீச்சுக் குரல் எழும்பும். எனவே, ஓடும்போது தட்டு தண்ணீருக்கு எவ்வளவு மேலே வருகிறது என்று வெளியே நின்று பார்க்க ஓர் ஆள் தேவை. நண்பர் தொலைநோக்கியோடு ஜெட்டியின் கடைசியில் நின்றுகொண்டார். கிளம்பும் முன்னால் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை என் நீலச் சட்டைக்கு மேல் மாட்டி, வாரை இழுத்து முடுக்கிவிட்டதும் அவர்தான். நான் தனியாகக் கிளம்பினேன்.

நல்ல தெளிவான காலை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. படகு பறந்தது. இரண்டு முறை ஜெட்டிக்கு முன்னால் போய்வந்தேன். நண்பர் கையை உயர்த்தி, நன்றாக இருக்கிறது என்று காட்டினார். மூன்றாவது முறை திரும்பும் இடத்தைச் சற்றுத் தள்ளிப் போட்டுவிட்டேன். கம்பங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. இழுவைப் படகு ஒன்று கடந்துபோன அலை மட்டும் தண்ணீரில் நீளமாகப் படுத்திருந்தது. அதன் மேல் படகு ஏறியது. கிப்பாஸ் காற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் கீச்சுக் குரலை எழுப்பியது. மறுபடி தண்ணீரைக் கவ்வியது. ஸ்டியரிங் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வலது பக்கம் திரும்பியது. நான் இடது பக்கம், அந்த முழங்கால் உயரச் சுவரைத் தாண்டி, தண்ணீருக்குள் போனேன்.

இப்போதெல்லாம் ஓட்டுகிறவர் உடம்பில் ஒரு கயிற்றை மாட்டிக்கொள்கிறார்கள். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். எங்கள் படகில் அதற்கான பொத்தான் மட்டும் இருந்தது, கயிறு இல்லை. அது எதற்கு என்றே எங்களுக்குத் தெரியாது.

மேலே வந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். படகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. வலது பக்கமாகவே திரும்பித் திரும்பி, ஒரு பெரிய வட்டம் போட்டு, என்னை நோக்கி வந்தது. வந்து, என்னைத் தாண்டி, மறுபடி வட்டம். நான் நீந்தி விலகப் பார்த்தேன். வட்டமும் என்னோடு நகர்ந்ததுபோல் இருந்தது. நீரோட்டம் என்னையும் படகையும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். இதை இன்றைக்கு உட்கார்ந்து யோசிக்கும்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது, அது என்னைத் தேடுகிறது என்பது மட்டும்தான்.

ஒவ்வொரு சுற்றிலும் கிட்ட வந்தது. மிதவைச் சட்டை இருந்ததால் மூழ்கித் தப்பவும் முடியவில்லை. கிப்பாஸ் கிளப்பிய நுரை என் முகத்தில் அடித்தது. ஒரு சுற்றில் மிகவும் பக்கத்தில் போனபோது, தண்ணீர் மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்த்தேன். ஓட்டுகிற இருக்கையில் ஒரு முதுகு தெரிந்தது. நீலச் சட்டை. தலை முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. கத்தினேன். அது திரும்பிப் பார்க்கவில்லை. படகு அந்த முதுகோடு என்னைக் கடந்து போயிற்று.

அடுத்த சுற்றில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

காதில் இன்ஜின் குரல் மாறியது. கீச்சென்று ஏறியது, இருமியது, நின்றது. ஒரேயடியாக வட்டமடித்ததில் காற்றை உறிஞ்சி, சூடேறி, தானாகவே இறுகி நின்றிருக்கிறது. கண்ணைத் திறந்தேன். படகு சத்தமில்லாமல், இருந்த வேகத்திலேயே நழுவி வந்து, அதன் சிவப்பு விலா என் தோளில் மெதுவாக முட்டி நின்றது. வழியில் நிற்கும் ஆளை ஏற்றிக்கொள்ள வண்டியை ஓரங்கட்டுவார்களே, அப்படி.

அதில் ஏற எனக்கு மனமில்லை. ஆனால் நீர் வற்றும் நேரம். ஓட்டம் தெற்கே திறந்த கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் சுவரைப் பிடித்து ஏறினேன். முதலில் இருக்கையைத்தான் பார்த்தேன். யாரும் இல்லை, எதுவும் இல்லை. ஆனாலும் நான் அதில் உட்காரவில்லை. தரையில் முட்டிபோட்டு, சின்னத் துடுப்பை எடுத்து, கம்பங்களை நோக்கித் தள்ளினேன். அங்கே ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். படகு நின்றுபோனதைக் கண்டு பாக்சிக்கின் சம்பான் நண்பரையும் ஏற்றிக்கொண்டு வந்தது.

நண்பர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பயமில்லை, குழப்பம். என் தலையிலிருந்து சொட்டும் தண்ணீரையும், ஆரஞ்சுச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாண்ணே, முழுக்க நனஞ்சி இருக்கீங்க?"

"விழுந்துட்டேன் தம்பி. ரொம்ப நேரமா தண்ணிக்குள்ளதான் கெடந்தேன். நீ ஏன் வரல?"

"வெளயாடாதீங்கண்ணே. நான் பைனாகுலர்ல பாத்துக்கிட்டேதான இருந்தேன். நீங்கதான் ஓட்டுனீங்க. வட்டம் வட்டமா, வளைவு பழகுறீங்கன்னு நெனச்சேன் லா. எடது தோள எறக்கிக்கிட்டு ஒக்காருவீங்களே, அதே மாதிரி. நீல சட்ட போட்டுக்கிட்டு."

சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் தேய்ந்துவிட்டது. என் மேலிருந்த ஆரஞ்சு மிதவைச் சட்டையை அவர் கண் பார்த்துக்கொண்டிருந்தது. அதை மாட்டிவிட்டது அவர்தான். ஓட்டியவரின் மேல் அது இல்லை.

பாக்சிக் எங்கள் படகைச் சம்பானோடு கட்டினார். கயிற்றை நீளமாக விட்டுக் கட்டினார். இழுத்துவரும்போது ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் சுடச்சுடக் கோப்பி வாங்கிக் கொடுத்த பிறகு மலாயில் சொன்னார். அந்த வெள்ளைக்காரர் விழுந்த அன்றும் இப்படித்தானாம். அவர் எப்போதும் அணியும் வெள்ளைத் தொப்பி மிதந்து வந்து பாக்சிக்கின் கைக்குக் கிடைத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், அதே தொப்பியோடு அவர் வட்டமடித்து ஓட்டிக்கொண்டிருந்தார். தொப்பி இவர் கையிலும் இருந்தது, அங்கே ஓட்டுகிறவர் தலையிலும் இருந்தது. அதனால்தான் யாரும் கிட்டப் போகவில்லை. பெட்ரோல் தீரும்வரை கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று நண்பர் கேட்டார். சொன்னேனே, நீங்கள் சிரித்தீர்கள் என்றார் பாக்சிக். காலிப் படகு என்றுதானே சொன்னீர்கள் என்றேன் நான்.

"பிலா டெக்காட், பாரு கோசோங்" என்றார் அவர். கிட்ட வந்த பிறகுதான் காலி.

அன்று மத்தியானமே கப்பியை மாட்டி இன்ஜினைக் கடைசித் துளைக்கு இறக்கினோம். நண்பர் பெரிய கிப்பாஸைக் கழற்றி, பழைய சிறிய கிப்பாஸைத் துடைத்து மாட்டினார். இதெல்லாம் செய்தால் அது போய்விடுமா என்று கேட்டார். இன்ஜின் தாழ்ந்திருந்தால் இழுப்பு இருக்காது, இழுப்பு இல்லாவிட்டால் வட்டம் வராது, அது மட்டும்தான் தெரியும் என்றேன். முன்பு அந்த வெள்ளைக்காரரும் இதே யோசனையில்தான் இறக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அறிவு சொன்னதும் பயம் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. அது ஒரு வகையில் ஆறுதல்.

அதன்பிறகு நாங்கள் அந்தப் படகில் ஏறவில்லை. நண்பர் கடலுக்கு வருவதையே விட்டுவிட்டார். கடையில் என்னைப் பார்த்தால் எப்போதும்போல் மீன் தலையை எடுத்து வைத்துத் தருவார். ஆனால் நான் திரும்பி நடக்கும்போது என் முதுகைப் பார்க்கமாட்டார். அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதை நான் கண்ணாடி அலமாரியில் கவனித்திருக்கிறேன்.

வீட்டில் மனைவியிடம் படகிலிருந்து விழுந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். நீலச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். மறுநாள் சாயங்காலம் நான் பின்வாசலுக்குப் போனபோது, காற்றில் உப்பி, முதுகைக் காட்டிக்கொண்டு அது ஆடியது. நான் எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேனோ தெரியாது. அவள் வந்து என் முகத்தைப் பார்த்தாள். சட்டையைக் கொடியிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு போனாள். பிறகு அந்தச் சட்டையை நான் பார்க்கவேயில்லை. கேட்கவுமில்லை.

படகைத் தாசேக் கெலுகோர் பக்கத்துக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். தோட்டத்துக்குப் பின்னால் அவருக்குப் பெரிய குளம் இருந்தது, மீன் வளர்த்தார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குளத்தில் எவ்வளவு தூரம்தான் போய்விடப் போகிறது என்றார். ஒருதரம் தொலைபேசியில் கூப்பிட்டு, இன்ஜினைக் கொஞ்சம் தூக்கினால் வேகம் வருமா என்று கேட்டார். வரும், ஆனால் வேண்டாம் என்றேன். அவர் தூக்கவில்லை. படகு பல வருடம் அந்தக் குளத்தில் தொல்லை இல்லாமல் ஓடியது.

அதற்குள் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து நடக்கவும் தொடங்கியிருந்தது. அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஃபெர்ரியில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாலத்தில் பஸ் வரும், ஆனால் குழந்தைக்கு ஃபெர்ரி பிடிக்கும். சாயங்கால வெயில். குழந்தை மனைவியின் தோளில் தூங்கிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்ற என்னிடம் மனைவி, எந்த முன்னுரையும் இல்லாமல், அன்றைக்கு உண்மையில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டாள். அவளாகக் கேட்டது அதுதான் முதல்முறை.

எல்லாவற்றையும் சொன்னேன். நீல முதுகை, நண்பர் பார்த்ததை, பாக்சிக் சொன்னதை. நண்பரிடம்கூடச் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். அந்த முதுகு எனக்கு அந்நியமாக இல்லை. சட்டைக் காலருக்குக் கீழே அவள் தைத்துக் கொடுத்திருந்த ஒட்டு அதில் இருந்தது. நான் கத்தியபோது அது திரும்பாததற்குக் காரணம், காது கேட்காததல்ல. தண்ணீரில் யாரோ கத்துகிறார்கள் என்று தெரிந்தும், திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் அதன் கழுத்து விறைத்திருந்தது.

அவள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள்.

"நீங்க ஓட்டிக்கிட்டு போயிட்டீங்கன்னா," என்றாள், "அப்ப தண்ணிக்குள்ள கெடந்தது யாருங்க?"

ஃபெர்ரி கரையில் மோதி நின்றது, சங்கிலியை அவிழ்த்தார்கள், ஜனங்கள் இறங்கத் தொடங்கினார்கள். அவள் ஒரு கையால் குழந்தையையும் மறு கையால் என் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். பஸ் நிலையம் வரைக்கும் அந்தப் பிடியை விடவில்லை.